கடமான் வேட்டைக்கு எந்த ரைபிள், எந்த ஸ்கோப்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது மெல்பர்ன் நகரை ஒட்டிய டாண்டினோங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தம் தந்தையார் மூலமாக எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். விக்டோரியா மாநிலத்தில் துப்பாக்கி உரிமமும் மான் வேட்டை உரிமமும் பெற்றுவிட்டதாகவும், கிப்ஸ்லாந்து மலைக்காடுகளில் கடமான் வேட்டைக்குப் போக எண்ணியிருப்பதாகவும், உடன் வேலை செய்பவர்கள் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டாவைச் சுடும் ரைபிளும், அதன் மேல் பொருத்திக் குறிபார்க்க 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பும் வாங்கச் சொல்வதாகவும், கையில் 3,000 ஆஸ்திரேலிய டாலர் இருப்பதாகவும் எழுதியிருந்தார். ஸ்கோப்பைப் பொருத்தி ஜீரோ செய்வது, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருத்துவது, எப்படி என்பதையும் கேட்டிருந்தார். அவரைப் போலவே நம் தோட்டப்புறங்களிலிருந்து போய் அங்கே குடியேறிய பிள்ளைகள் பலர் இருப்பதால், பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் 21 ஆண்டுகள் இருந்தவன். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளுக்காக, உரிமம் பெற்ற 12 போர் (bore, குழல் அளவு) ஷாட்கன்னோடு தோட்டத்தில் பல இரவுகள் காவல் இருந்திருக்கிறேன். மகளும் மருமகனும் விக்டோரியாவில் இருப்பதால், அங்கே போகும்போதெல்லாம் மருமகனோடு காட்டுக்குச் செல்வதுண்டு. ஊரில் இருக்கும் இளைஞர்கள் இதைப் படித்து ஆசைப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்பது எல்லாருக்கும் தெரியும். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதன் காரணம் அதுவே. மேலும், தீபகற்ப மலேசியாவில் ருசா மான், கிஜாங் (குரைக்கும் மான்) ஆகியவற்றின் எண்ணிக்கை சரிந்ததால் 2009இல் அவற்றை வேட்டையாடத் தடை வந்தது. ஆகவே இங்கே சொல்லப்படுவது முழுவதும் விக்டோரியாவுக்கும் அங்குள்ள உரிமத்துக்கும் மட்டுமே பொருந்தும்.

நாம் ருசா என்றும் தமிழ்நாட்டில் கடமான் அல்லது மிளா என்றும் சொல்வது ஒரே இனம்தான். 1860களில் விக்டோரியாவுக்குக் கொண்டுபோய் விடப்பட்ட அந்த இனம், தன் சொந்த மண்ணில் அருகிவரும் நிலையில், அந்நிய மண்ணில் காட்டையே அழிக்கும் அளவுக்குப் பெருகியிருப்பது விந்தைதான். வளர்ந்த ஆண் மான் 200 கிலோவைத் தாண்டும். தோல் தடிமனானது, உயிர்ப்பிடிப்பு மிகுந்தது, நுரையீரலில் சரியாகக் குண்டு பாய்ந்த பிறகும் 50, 100 மீட்டர் ஓடி, பன்னச்செடிப் புதருக்குள் விழக்கூடியது. அதனாலேயே விக்டோரியாச் சட்டம் இதற்கென்று ஒரு கீழ்வரம்பை வைத்திருக்கிறது. குண்டின் விட்டம் குறைந்தது .270 அங்குலம், அதாவது 6.85 மில்லிமீட்டர், இருக்க வேண்டும்; எடை குறைந்தது 130 கிரெயின், அதாவது ஏறக்குறைய 8.45 கிராம், இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பலர் இடறுகிறார்கள். இன்று கடைகளில் வேகமாக விற்பனையாகும் 6.5 கிரீட்மோர் அருமையான தோட்டாதான். ஆனால் அதன் குண்டின் விட்டம் 6.71 மில்லிமீட்டர். மயிரிழையில் குறைந்தாலும் குறைந்ததுதான். கடமான் மீது அதைப் பயன்படுத்துவது அங்கே குற்றம். விற்பவர் சொல்லாமல் விட்டாலும் பொறுப்பு வாங்கியவருடையது.

வரம்புக்கு மேலே இருக்கும் தோட்டா வகைகளுள் 1906இல் வந்த .30-06, 1925இல் வந்த .270 வின்செஸ்டர், 1952இல் வந்த .308 வின்செஸ்டர், 1980இல் வந்த 7எம்எம்-08 ஆகிய நான்கில் எதை எடுத்தாலும் கடமானுக்குப் போதும். தம்பி, உங்களுக்கு நான் சொல்வது .308. எந்தச் சிறு ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், பயிற்சித் தோட்டா மலிவு, குழல் நீண்ட காலம் உழைக்கும், சுடும்போது தோளில் விழும் உதை தாங்கக்கூடியது. நண்பர்கள் சொல்லும் .300 மேக்னம் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் தரும் என்பது உண்மையே. ஆனால் ஒரே எடையுள்ள ரைபிளில் அதன் உதை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கிப்ஸ்லாந்தின் அடர்ந்த ஓடைச்சரிவுகளில் நான் பார்த்த மான்களில் பெரும்பாலானவை 150 மீட்டருக்குள்ளேயே நின்றன. அந்தத் தூரத்தில் கூடுதல் ஆற்றலை மானும் உணரப்போவதில்லை, உங்கள் தோள் மட்டுமே உணரும்.

உதையைத் தாங்குவது ஆண்மைக்கான சோதனை அன்று. தோள் வலிப்பது பெரிய கேடும் அன்று. உடல் உதையை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் கேடு. விசையை இழுக்கும் கணத்துக்குச் சற்று முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னுக்குத் தள்ளும், குழல் முனை கீழே சாயும். இராணுவத்தில் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் 'துப்பாக்கி சரியில்லை' என்று என் பட்டறைக்குக் கொண்டுவந்த ஆயுதங்களில் பெரும்பாலானவற்றில் எந்தக் குறையும் இருந்ததில்லை. உங்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. சுடுதளத்தில் நண்பர் ஒருவரை, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல், சில சமயம் உண்மைத் தோட்டாவையும் சில சமயம் மருந்தில்லாத போலித் தோட்டாவையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் விசை 'டிக்' என்று விழும்போது குழல் முனை அசையாமல் நின்றால் நீங்கள் தேறிவிட்டீர்கள். துள்ளினால் இன்னும் சிறிய தோட்டாவில் பயில வேண்டும்.

ரைபிளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு வந்த தேசிய உடன்பாட்டினால், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள்கள் சாதாரண வேட்டைக்காரருக்கு அங்கே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் தேவையில்லை. பின்லாந்தின் டிக்கா, ஜப்பானின் ஹோவா இரண்டில் எது கையில் நன்றாக உட்காருகிறதோ அதை வாங்குங்கள். இரண்டும் உங்களைவிடத் துல்லியமாகவே சுடும். அங்கே மழையும் பனியும் ஓயாது என்பதால் துருப்பிடிக்காத எஃகுக் குழலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

கையில் உட்காருவது என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் பிடிக்கட்டை ஆறடி உயர ஐரோப்பியரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. என்னைப் போன்ற ஐந்தரை அடிக்காரர், குளிர்காலத் தடித்த மேல்சட்டையும் போட்டுக்கொண்டு அதைத் தோளில் வைத்தால், கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். கடையில், விற்பவரின் அனுமதியோடு, ரைபிள் காலியாக இருப்பதை நீங்களே போல்ட்டைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, கண்களை மூடியபடி இயல்பாகத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். தலையை அசைக்காமலே ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிந்தால் அது உங்கள் ரைபிள். தலையைத் தூக்கியோ முன்னே நகர்த்தியோ தேட வேண்டியிருந்தால், கட்டையைக் குறைக்கவோ கன்னம் பதியும் இடத்தை உயர்த்தவோ வேண்டும். இதற்கு ஆகும் சிறு செலவைத் தவிர்த்துவிட்டு, அதே பணத்தில் பெரிய ஸ்கோப் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஸ்கோப்புக்கு வருவோம். 6-24 மடங்கு என்பது திறந்தவெளியில், மேசையில் ரைபிளைச் சாய்த்துவைத்து, 500 மீட்டரில் காகிதத்தைச் சுடுபவருக்கானது. காட்டில் மான் எழுந்து ஓடும்போது, அல்லது 40 மீட்டரில் இரு மரங்களுக்கிடையே தோள் மட்டும் தெரியும்போது, ஆறு மடங்கு என்பதே மிக அதிகம். வட்டம் முழுவதும் ஒரே பழுப்பு நிறமாகத் தெரியுமே தவிர, அது மானின் எந்தப் பகுதி என்று தெரியாது. மூன்று மடங்கில் வைத்தால் 100 மீட்டரில் ஏறத்தாழ 10, 11 மீட்டர் அகலம் கண்ணுக்குள் வரும். ஒன்பதில் அது 4 மீட்டருக்கும் கீழே போய்விடும். ஆகவே 2-7, 1.5-6, அல்லது எங்கும் கிடைக்கும் 3-9x40 (3 முதல் 9 மடங்கு, 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) ஆகியவற்றுள் ஒன்றே போதும். நடக்கும்போது எப்போதும் மிகக் குறைந்த மடங்கிலேயே வைத்திருங்கள். தூரத்து மான் உங்களுக்கு மடங்கை மாற்றும் வளையத்தைத் திருப்ப நேரம் தரும். பக்கத்து மான் தராது.

வெளிச்சத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. விக்டோரியாவில் மான் வேட்டை சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து, மறைவுக்கு அரை மணி பின்பு வரை மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. கடமானோ அந்த இரு ஓரங்களில்தான் நடமாடும். அதனால் மங்கலில் எவ்வளவு தெரிகிறது என்பதே ஸ்கோப்பின் உண்மையான தேர்வு. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியை ஐந்து மடங்கில் வைத்தால் 8 மில்லிமீட்டர். இளைஞரின் கண்பாவை இருட்டில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர்தான் விரியும், என் வயதில் 5ஐத் தாண்டினாலே பெரிது. ஆகவே குறைந்த மடங்கில் 40 மில்லிமீட்டர் கண்ணாடியே கண் ஏற்கக்கூடிய ஒளி முழுவதையும் கொடுத்துவிடுகிறது. 56 மில்லிமீட்டர் குடத்தைச் சுமப்பதால் கனமும், ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்தும் சங்கடமும் மட்டுமே மிஞ்சும். தடித்த குழாய் கூடுதல் வெளிச்சம் தரும் என்பதும் தவறு. 30 மில்லிமீட்டர் குழாய் தருவது குறுக்குக்கோட்டை நகர்த்தித் திருத்துவதற்கான கூடுதல் இடத்தைத்தான். பணத்தைக் கண்ணாடியின் தரத்திலும், மூடுபனி உள்ளே புகாத காப்பிலும், நடுவில் சிறு ஒளிப்புள்ளி உள்ள குறுக்குக்கோட்டிலும் போடுங்கள். பெருக்கத்தோடு சேர்ந்து குறுக்குக்கோடும் பெரிதாகிச் சிறிதாகும் வகையை வேட்டைக்கு நான் விரும்புவதில்லை. குறைந்த மடங்கில், மங்கலான புதருக்கு முன்னால், அந்தக் கோடு சிலந்தி நூலாய் மறைந்துபோகும்.

3,000 டாலரில் பாதியை ரைபிளுக்கும், மூன்றில் ஒரு பங்கை ஸ்கோப்புக்கும் அதைப் பிடித்து நிறுத்தும் ரிங்குகளுக்கும் சேர்த்தும், மிச்சம் முழுவதையும் தோட்டாவுக்கும் ஒதுக்குங்கள். கடைசிப் பங்கில் கை வைக்காதீர்கள்.

இனி பொருத்துவது. இதில் நானே தலைகுனிந்த ஒரு கதை உண்டு. மருமகனின் புதிய ஸ்கோப்பைக் காட்டுக்குப் புறப்படும் முதல்நாள் இரவு சமையலறை மேசையில் வைத்து நானே பொருத்தினேன். களைப்பில், ரிங்குகள் உட்காரும் அடித்தட்டின் திருகுகளில் தொழிற்சாலை எண்ணெய் இருந்ததைத் துடைக்காமலே முடுக்கிவிட்டேன். மறுநாள் சுடுதளத்தில் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள், 70 மீட்டரில் அசையாமல் நின்ற பெண் மானை அவர் தவறவிட்டார். பாவம், தன் கைதான் நடுங்கியது என்று நினைத்து வெட்கப்பட்டார். முகாமுக்குத் திரும்பும் வழியில், பாதுகாப்பான மண்மேட்டின் முன் காகிதம் வைத்துச் சுட்டுப் பார்த்தால், குண்டு ஒரு சாண் வலப்பக்கம் போகிறது. ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டினேன்; ஆடியது. 21 ஆண்டு அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்தவன் என்பதாலேயே இதை விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

முதலில் அடித்தட்டுத் திருகுகளையும் அவை இறங்கும் துளைகளையும் அசிட்டோன் கொண்டு எண்ணெய்ப்பசை போகத் துடைத்துக் காயவிடுங்கள். அடித்தட்டுத் திருகுகளுக்கு மட்டும், பின்னால் கழற்றக்கூடிய நீல நிறத் திருகுப்பசை ஒரு துளி போதும். அளவுகாட்டும் திருகுசாவி ஒன்றை இரவலாகவாவது வாங்குங்கள். ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான முடுக்கம். பெட்டியோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. கைவலுவைக் காட்டி முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். உள்ளிருக்கும் நுண்ணிய பாகங்கள் நகரத் தடைபட்டு, நீங்கள் திருத்தக் குமிழைத் திருப்பியும் குறி நகராது. ரிங்குகள் எவ்வளவு தாழ்வாக இருக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்கட்டும். முன்கண்ணாடி குழலைத் தொடாமலும் போல்ட்டின் கைப்பிடி தடையின்றி எழும்பும்படியும் இருந்தால் போதும்.

திருகுகளை முழுதாய் முடுக்குவதற்கு முன், ஸ்கோப்பை அதிகபட்ச மடங்கில் வைத்து, காட்டுக்கு அணியும் அதே தடித்த சட்டையோடு தோளில் ஏற்றிப் பார்த்து, வட்டத்தின் ஓரத்தில் கருநிழல் இல்லாத இடம் வரும்வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே சுமார் 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நின்று பார்த்தால் மட்டும் போதாது, படுத்தும் பார்க்க வேண்டும். படுத்த நிலையில் தலை இயல்பாகவே முன்னே நகரும், அப்போதுதான் புருவம் பிளந்து இரத்தம் வரும். குறுக்குக்கோடு நேராக நிற்கிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டை 20 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, ரைபிளைச் சமமட்டத்தில் நிறுத்தி, நெடுங்கோடு அந்தக் கயிற்றோடு ஒன்றும்படி ஸ்கோப்பைத் திருப்புங்கள். பிறகு திருகுகளை ஒரே மூச்சில் அல்லாமல், எதிரெதிரே மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் ரிங்கின் மேல்வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று காட்டிலேயே தெரிந்துவிடும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மகளின் நகப்பூச்சுச் சீசா ஒன்று என் கருவிப்பெட்டியில் நிரந்தரமாகிவிட்டது.

ஜீரோ செய்ய லிட்டில் ரிவரில் உள்ள ஈகிள் பார்க் போன்ற முறையான சுடுதளத்துக்குப் போங்கள். ரைபிளை மணல் பைகளின் மேல் வைத்து, போல்ட்டை உருவி எடுத்துவிட்டு, குழலின் வழியே 25 மீட்டரில் உள்ள இலக்கின் நடுப்புள்ளியைப் பாருங்கள். ரைபிளை அசைக்காமல், குறுக்குக்கோடும் அதே புள்ளிக்கு வரும்வரை ஸ்கோப்பைத் திருத்துங்கள். இதனால் முதல் தோட்டாவே காகிதத்தில் விழும். 25 மீட்டரில் ஒன்றிரண்டு சுட்டுச் சரிசெய்த பின் 100 மீட்டருக்குப் போகலாம். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் ஒரு கிளிக், அதாவது திருத்தக் குமிழின் ஒரு படி, என்பது 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். ஐரோப்பிய வகை சிலவற்றில் 1 சென்டிமீட்டர். 25 மீட்டரில் அதே கிளிக் கால் பங்குதான் நகர்த்தும் என்பதை மறந்து, 'ஸ்கோப் வேலை செய்யவில்லை' என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

100 மீட்டரில் மூன்று தோட்டாக்களைப் பொறுமையாகச் சுடுங்கள். ஒற்றைத் துளையைப் பார்த்து ஒருபோதும் திருத்தாதீர்கள். மூன்றின் நடுவைப் பார்த்தே திருத்த வேண்டும். அந்த நடு, வேண்டிய இடத்துக்கு 6 சென்டிமீட்டர் இடப்பக்கமும் 4 சென்டிமீட்டர் கீழும் இருந்தால், 7 மில்லிமீட்டர் கிளிக் உள்ள ஸ்கோப்பில் வலப்பக்கம் ஒன்பதும் மேலே ஆறும் திருப்பினால் சரியாக வந்துவிடும். ஒவ்வொரு மூன்றுக்கும் இடையே குழல் கையால் தொடும் அளவுக்கு ஆறட்டும். காட்டில் நீங்கள் சுடப்போவது எப்போதும் ஆறிய குழலிலிருந்து புறப்படும் முதல் தோட்டாதான். அதனால் ஜீரோ முடிந்த பின் வேறொரு நாள் காலையில் போய், ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டு, அது எங்கே விழுகிறது என்பதைக் குறித்துவையுங்கள்.

.308இல் 150 கிரெயின் குண்டுக்கு, 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர் மேலே விழும்படி வைப்பதே என் வழக்கம். அப்படி வைத்தால் 150 மீட்டரில் நேராகவும், 200 மீட்டரில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தாழ்வாகவும் விழும். கடமானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு சாணுக்கு மேல் அகலமானது என்பதால், 200 மீட்டர் வரை தூரத்தைக் கணக்கிடாமலே, முன்னங்காலின் பின்மடிப்புக்கு நேர் மேலே, உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைக்கலாம். அதற்கு அப்பால் சுட வேண்டாம். முதல் மூன்று ஆண்டுகளுக்காவது வேண்டாம். தோட்டா வாங்கும்போது, தாக்கியதும் விரிவடையும் வேட்டைக் குண்டு என்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரே தயாரிப்பு எண் கொண்ட பெட்டிகளாக ஐந்தாறை ஒரே சமயத்தில் வாங்கிவிடுங்கள். குண்டின் எடையையோ தயாரிப்பாளரையோ மாற்றினால் ஜீரோவை மறுபடி பார்க்க வேண்டும்.

மேசையில் ஜீரோ செய்ததோடு பயிற்சி முடிந்துவிட்டதாக நினைப்பவர்களே காட்டில் மானைக் காயப்படுத்தித் தவிக்க விடுகிறார்கள். காட்டில் மேசை கிடையாது. சுடுதளம் அனுமதிக்கும் அளவுக்கு, உட்கார்ந்தும், மண்டியிட்டும், கோல் ஊன்றியும் சுட்டுப் பழகுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள காகிதத் தட்டில், மேசையில்லாமல், ஐந்துக்கு ஐந்தும் எந்தத் தூரத்தில் விழுகிறதோ அதுவே உங்கள் எல்லை. அது 80 மீட்டர் என்றால் 80தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் எல்லை இப்போது 110. முதல் துப்பாக்கிக்கான அனுமதிக்கு அங்கே 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் துப்பாக்கிச் சங்கத்து நண்பர்களின் ரைபிள்களைச் சுடுதளத்தில் வாங்கிச் சுட்டுப் பாருங்கள்; .300 மேக்னத்தையும் ஐந்து முறை சுட்டுப் பார்த்துவிட்டு என்னோடு வாதாடலாம்.

கடைசியாக ஒன்று. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, வேட்டைக்கு அணிந்த மேல்சட்டையையும் முதுகுப்பையையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், எல்லாப் பைகளையும் தையல் ஓரம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். மருமகனின் பையை ஒருமுறை என் மனைவி துவைக்கப் போட்டபோது, அடித்துணிக்கும் உள்துணிக்கும் இடையில் ஒரு .308 தோட்டா சிக்கியிருந்தது. நல்லவேளையாக அது மெல்பர்னில், மகளின் வீட்டில் நடந்தது. அதே தோட்டா சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையத்தில் எடுக்கப்பட்டிருந்தால், அது மறந்துபோன தோட்டா என்று விளக்குவதற்கு வழக்கறிஞர் தேவைப்பட்டிருப்பார்.